மச்சான் முறிக்காத பத்தியம்

என் மச்சானை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை. கேட்பவர்கள் எல்லாரும், அவர் தங்கச்சி மேல் பாசத்தில்தானே செய்தார் என்கிறார்கள். பாசத்தில்தான் செய்தார். அந்தப் பாசத்தில் என் மனைவி எலும்பும் தோலுமாகப் போனாள். அவள் கையைப் பிடித்துப் பார்த்தவன் நான். அவர்கள் யாரும் இல்லை.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். பல்லடத்துக்குத் தெற்கே அவருக்குக் கோழிப் பண்ணை. எங்கள் பக்கம் கறிக்கோழிதான் அதிகம். இவருடையது முட்டைக்கோழி. நான் ஐந்தாவது வரை படித்தவன், தறி ஓட்டிக்கொண்டிருந்தேன். நான் வேலை செய்த தறிக்குடோனை மூடியபோது மச்சான் கூப்பிட்டு வேலை கொடுத்தார். பண்ணைக்குள்ளேயே ஓர் ஓட்டு வீடு. கூண்டுகளுக்கு முன்னால் உருண்டு வரும் முட்டைகளைப் பொறுக்கி அட்டையில் அடுக்குவது என் வேலை. நாலு பேர் கூடினால் எனக்கு வாய் வராது. கோழிகளோடு இருப்பது எனக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது.

மச்சான் என்னை ஒரு நாளும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். "ஏனுங் மாப்பிள்ளை, மூணாவது ஷெட்டுல தண்ணிக் குழாய் ஒழுகுதுங்களாட்ட இருக்குது, பாருங்" என்றுதான் சொல்வார். சத்தம் போடுகிற மனிதனாக இருந்தால் ஒரு நாள் நானும் சத்தம் போட்டிருப்பேன். தலைமேல் கை வைத்துத் தடவுவதுபோலப் பேசுகிறவரை என்ன செய்ய முடியும்?

என் மனைவிக்கு முதலில் கால் வீங்கியது. பிறகு கண் மஞ்சளாகி, வயிறும் உப்பியது. கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு மச்சான் காரில் கூட்டிப் போனார். கல்லீரல் சுருங்கிவிட்டது என்றார்கள். காமாலைக் கிருமி ஒன்று பல வருடமாக அவள் ரத்தத்தில் தெரியாமல் இருந்து ஈரலை அரித்திருக்கிறது, போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். மாத்திரையும், மலம் இளகிப் போக ஓர் இனிப்பு மருந்தும், சாப்பாட்டு முறை அச்சடித்த ஒரு தாளும் கொடுத்தார்கள். தாளை மச்சான் வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அதற்குப் பிறகு அந்தத் தாளை நான் பார்க்கவில்லை.

டீக்கடையில் ஒருவன், "குடிக்காத பொம்பளைக்கு ஈரல் போகுமாடா? ஊட்டுக்காரன் குடிச்சது அவளுக்கு ஏறிப்போச்சாட்ட இருக்குது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் வாழ்க்கையில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவனையும் நான் மறக்கவில்லை. ஆனால் அவன் கணக்கில் சேராதவன்.

ஆஸ்பத்திரி மாத்திரை மட்டும் போதாது என்று மச்சான் காங்கயம் பக்கம் ஒரு வைத்தியரிடம் கூட்டிப் போனார். வெறும் வயிற்றில் குடிக்கப் பதினோரு நாளுக்குப் பச்சிலைச் சாறு. அதுவரைக்கும் பத்தியம். உப்பு, புளி, எண்ணெய், பருப்பு, முட்டை, கறி, பால் எதுவும் ஆகாது. நொய்யரிசிக் கஞ்சி மட்டும். பத்தியத்தை யாரும் இஷ்டத்துக்கு முறிக்கக் கூடாது, மருந்து கொடுத்த கையே முறிக்க வேண்டும். பன்னிரண்டாம் நாள் வந்தால் தலையில் எண்ணெய் வைத்து, உப்புப் போட்ட சோறு ஒரு கவளம் கொடுத்து முறித்துவிடுவதாகச் சொல்லி அனுப்பினார்.

ஒன்பதாம் நாள் அந்த வைத்தியர் இறந்துபோனார்.

அவருடைய மகன் திருப்பூரில் செல்போன் கடை வைத்திருந்தான். மச்சான் தேடிப் போய்க் கேட்டார். "அதெல்லாம் எங்கப்பாவோட போச்சுங்ணா, எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்" என்று அவன் கும்பிட்டுவிட்டான். திரும்பி வந்த மச்சான் எங்களை உட்கார வைத்துச் சொன்னார்: "முறிக்கற ஆள் இல்லாம நாமளா முறிச்சம்னா மருந்தே வெஷமாத் திரும்பிக்குமுங் மாப்பிள்ளை. இன்னொரு கைராசிக்காரர் கெடைக்கற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்."

கைராசிக்காரர் கிடைக்கவே இல்லை. பதினோரு நாள் பத்தியம் ஆடியில் ஆரம்பித்துத் தை வரை போனது.

கவனித்துக்கொள்ள வசதியாக இருக்கும் என்று அவளைத் தன் பெரிய வீட்டு முன்னறைக்கு மாற்றினார். நங்கையா, அதாவது அவருடைய மனைவி, காலையில் ஒரு வட்டல் கஞ்சி, மத்தியானம் ஒரு வட்டல், சாயங்காலம் இருட்டுவதற்குள் ஒரு வட்டல் கொடுத்தார். அண்ணியை எங்கள் பக்கம் நங்கையா என்போம். அந்த அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை, சொன்னதைச் செய்தார். வேலை முடிந்து கை கழுவிக்கொண்டு நான் போய்ப் பார்ப்பேன். முன்பு அவள் மணிக்கட்டில் இறுக்கமாக இருந்த வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது. நெற்றிப்பொட்டு இரண்டும் குழி விழுந்தன. வயிறு மட்டும் நீர் கட்டிப் பெருத்துக்கொண்டே வந்தது. மச்சான் அதைப் பார்த்து, "பரவால்லீங், ஒடம்பு போடுது" என்றார்.

எனக்குக் கோபம் எந்த நாளில் வந்தது என்று சரியாகச் சொல்ல முடியும். தீவனம் அரைக்கும் அறையில் நின்றிருந்தோம். மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள் எல்லாம் மிஷினில் விழுந்துகொண்டிருந்தன. புதிதாக வந்த ஆள் புண்ணாக்கைக் குறைத்துப் போட்டுவிட்டான். மச்சான் கையால் அள்ளி மோந்து பார்த்தார். "புண்ணாக்கு கொறஞ்சா கோழி தன்னோட சதையவே கரைச்சுப்போடுமுங். பத்து நாள்ல நெஞ்செலும்பு துருத்திக்கும்" என்று அவனுக்கு விளக்கினார். எவ்வளவு அழகாக விளக்கினார்! நான் அவர் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த மனிதருக்குத் தெரியாமல் இல்லை. எதைத் தின்றால் சதை பிடிக்கும், எதை நிறுத்தினால் சதை கரையும் என்று என்னைவிடப் பத்து மடங்கு தெரியும். கோழி விஷயத்தில் தெரிந்தது. தங்கச்சி விஷயத்தில் தெரியவில்லை.

அன்றைக்கு மத்தியானமே கீறல் முட்டை இரண்டை எடுத்து என் ஓட்டு வீட்டு அடுப்பில் வேக வைத்தேன். கீறல் விழுந்ததை அட்டையில் அடுக்க மாட்டோம், ஓரமாக வைப்போம். சட்டைக்குள் போட்டுக்கொண்டு போனேன். சூடு வயிற்றில் சுட்டது.

"அண்ணனுக்குத் தெரிஞ்சா?" என்றாள்.

"தெரியட்டும்" என்றேன். ஆனால் சத்தமில்லாமல்தான் சொன்னேன்.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு தின்றாள். அவள் தொண்டையில் ஒவ்வொரு வாயும் இறங்கும்போது மச்சான் கன்னத்தில் ஓர் அறை விழுவதாக எனக்குத் தோன்றியது. திருடுகிறோம் என்ற கூச்சம் இல்லை. இன்னும் எடுக்க வேண்டும் என்றிருந்தது. அதிலிருந்து தினமும் முட்டையும், சில நாள் பச்சைப்பயறு கடைந்ததும் கொண்டு போனேன். பத்துப் பதினைந்து நாளில், யாரும் பிடிக்காமல் எழுந்து உட்கார ஆரம்பித்தாள். மச்சான் ஊருக்கெல்லாம் சொன்னார்: "பத்தியம் வேலை செய்யுதுங்."

பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

தை மாதம் ஒரு நாள் காலையில் நங்கையா ஓடி வந்து என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், என் மனைவி ரவிக்கையின் ஒரே கைக்குள் இரண்டு கையையும் நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். "செவலை மாட்டுக்குத் தண்ணி காட்டுனீங்களா?" என்று கேட்டாள். செவலை மாடு எங்கள் கல்யாணத்துக்கு முன்பே விற்றுப்போனது. பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கினாள். படுக்கையைச் சரி செய்தபோது மெத்தைக்கு அடியிலிருந்து முட்டை ஓடு விழுந்தது.

மச்சான் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "ஏனுங் மாப்பிள்ளை, எந்தங்கச்சியக் கொன்னுபோட்டீங்களே" என்றார். அப்போதும் மரியாதை 'ங்க'தான்.

கோயம்புத்தூர் போகும் வரை காரில் அவள் தலை என் மடியில் இருந்தது. நான்தான் கொன்றேன் என்று நானும் நம்பினேன். மச்சான் சொன்னபடியே மருந்து திரும்பிவிட்டது என்றும் நம்பினேன். சூலூர் தாண்டும்போது, இவள் கண் விழிக்கவில்லை என்றால் நானும் இருக்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டேன்.

டாக்டர் வந்ததும் முதலில் கேட்டது, "மலம் எப்பப் போனாங்க?" என்று. நங்கையா யோசித்து, அஞ்சு நாள் இருக்கும் என்றார்.

"இனிப்பு மருந்து குடுத்திருந்தமே, தினம் குடிக்கறாங்களா?"

மச்சான் சொன்னார்: "பத்தியத்துல இனிப்பு ஆகாதுங். நான்தான் நிறுத்தச் சொன்னனுங்."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

எனிமா கொடுத்து, அந்த மருந்தையே மறுபடியும் ஆரம்பித்தார்கள். மூன்றாம் நாள் என் மனைவி என்னைப் பார்த்து, "தாடிய வழிச்சுப்போட்டு வாங்க, பார்க்கச் சகிக்கல" என்றாள். செவலை மாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. நான் வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டேன்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு முறை சொல்லும் பெண் வந்தாள். சின்ன வயது. இஞ்சு டேப்பை எடுத்து என் மனைவியின் மேல்கையை அளந்தாள். இரண்டாம் தடவையும் அளந்தாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"காலையில என்ன சாப்பிடுவாங்க?"

எப்போதும்போல மச்சான்தான் பதில் சொன்னார். "கஞ்சிங் அம்மணி."

"மத்தியானம்?"

"கஞ்சிதானுங். பத்தியம்."

"கடைசியா எத்தனை மணிக்குச் சாப்பிடுவாங்க?"

"ஆறு மணிக்கு மேல ஒண்ணுங் குடுக்கறதில்லீங். வயித்துக்கு ஓய்வு வேணுமுங்களே."

"அதுக்கப்பறம் காலையில?"

"எட்டு, எட்டரைக்குங்."

அந்தப் பெண் மெதுவாகத்தான் சொன்னாள். "நல்ல ஈரல் சத்தைச் சேர்த்து வெச்சு ராத்திரிக்குக் குடுக்குமுங்ணா. இவங்க ஈரலால அது முடியாது. நீங்க ஓய்வுன்னு நெனைச்ச நேரம் பூரா ஒடம்பு இவங்க சதையவே எடுத்துத் தின்னிருக்குது. கையைப் பாருங், தின்னதுக்கு மிச்சம்தான் இது."

மச்சானின் காது சிவந்தது. "நாங்க ஒழுங்காத்தானுங் பார்த்தோம். இவரு திருட்டுத்தனமா முட்டை குடுத்துத்தான் புத்தி பெரண்டுபோச்சு" என்று என்னைக் காட்டினார்.

அவள் என்னைப் பார்த்தாள். "எத்தனை நாளாக் குடுத்தீங்ணா?"

கட்டிலில் இருந்து என் மனைவி, "சொல்லுங்க" என்றாள்.

"மூணு மாசமாங்க. கீறல் முட்டைங்க. நல்லா வேக வெச்சுத்தான் குடுத்தேன். பயறு கடைஞ்சும் குடுத்தேன்" என்றேன். போலீசில் ஒப்புக்கொள்கிற மாதிரி இருந்தது.

"முட்டையால வந்த மயக்கம் இல்லீங்ணா இது. மலம் கட்டி, விஷம் தலைக்கேறுனதால வந்தது. அந்த முட்டையும் பயறும் இல்லைன்னா இவங்க இன்னைக்கு எந்திரிச்சு உக்காந்திருக்க மாட்டாங்க."

நான் யார் முகத்தையும் நேராகப் பார்க்கிறவன் இல்லை. அன்றைக்கு மச்சானின் முகத்தைப் பார்த்தேன். கண்ணை எடுக்காமல் பார்த்தேன். அவர்தான் முதலில் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

பிறகு அந்தப் பெண் என்னிடம்தான் பேசினாள். மூன்று வேளை வேண்டாம், ஆறு வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். முட்டை, பருப்பு, பயறு, தயிர், அவள் விரும்பினால் கோழி, எதையும் பயந்து நிறுத்தக் கூடாது. தலை குழம்பினாலும் நிறுத்தக் கூடாது, ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். மலம் தினம் இரண்டு மூன்று தடவை போக வேண்டும். பச்சிலைச் சாறு இனிமேல் தொடவே கூடாது. படுக்கப் போகும்போது ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் படுக்க வேண்டும். வயிற்றில் நீர் கட்டுவதால் உப்பு மட்டும் குறைவு, ஊறுகாய், அப்பளம், கருவாடு கிடையாது. அந்த உப்பு ஒன்றில் மச்சான் செய்தது சரிதான். சொல்ல எனக்கு மனசில்லை. சரி, சொல்லிவிட்டேன்.

"எத்தனை நாளைக்குங்க?" என்று கேட்டேன்.

"எப்பவுமே இப்படித்தானுங்ணா. அடுத்த மூணு மாசம் ரொம்ப முக்கியம். இந்த ஒடம்புல ஒரு காய்ச்சல் வந்தாக்கூடத் தாங்காது. சதை ஏத்துங்."

பண்ணைக்கு நான் திரும்பவில்லை. பல்லடத்தில் ஒரு லைன் வீடு பிடித்து, பகல் ஷிப்டுக்குத் தறிக்குப் போனேன். விடிந்ததும் அவளுக்குப் பாலில் ராகிக் கஞ்சியும், கூடவே இட்லியும் பாசிப்பருப்புச் சாம்பாரும். பத்தரைக்கு முட்டை, அதைத் தட்டில் உரித்து மூடி வைத்துவிட்டுப் போவேன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்து, உப்புக் குறைத்து எலுமிச்சை பிழிந்த அரிசி பருப்புச் சோறு போட்டுவிட்டு ஓடுவேன். சாயங்காலம் சுண்டல். ராத்திரி சாப்பாட்டுக்கு மேல், படுக்கும் முன்பு பால் விட்டுப் பிசைந்த இட்லியோ ஒரு கடலை உருண்டையோ. பாசத்தால் செய்தேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. மீதிப் பாதி மச்சான். அவருடைய கஞ்சி கரைத்த ஒவ்வொரு பிடி சதையையும் நான் திரும்ப ஒட்ட வைத்துக் காட்ட வேண்டும். வேண்டாம் என்று அவள் முகம் சுளிக்கும் நாளில்கூட அதை நினைத்துக்கொண்டு ஊட்டினேன்.

"கோழிக்குத் தீவனம் வெக்கறாப்பல நேரம் பார்த்து வெக்கறீங்" என்பாள்.

"உங்கண்ணங்கிட்டக் கத்துக்கிட்டது" என்பேன்.

"கோழி முட்டை போடும். நான் என்னத்தப் போடறது?"

"நீ சதை போடு, போதும்."

சித்திரையில் மச்சான் வந்தார், ஆப்பிள் பையும் இரண்டு அட்டை முட்டையுமாக. தங்கச்சி தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வைப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே வந்து உட்கார்ந்து, "ஒரு வாய் சாப்பிட்டுப் போறனுங் மாப்பிள்ளை" என்றார். வந்தவர் சாப்பிடாமல் போவதும், போட்டதை மிச்சம் வைப்பதும் எங்கள் சனத்தில் அவமானம். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்த நாளுக்காகத்தான் ஒரு டப்பாவில் நொய்யரிசி வாங்கி வைத்திருந்தேன்.

கரைத்த கஞ்சியை வட்டலில் ஊற்றி அவர் முன்னால் வைத்தேன். தொட்டுக்கொள்ள ஒன்றும் வைக்கவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"உப்பு இல்லீங்களா?"

"பத்தியமுங் மச்சான்" என்றேன்.

அவர் தங்கச்சியைப் பார்த்தார். அவள் என்னைத் திட்டப் போகிறாள் என்றுதான் நானும் நினைத்தேன். திட்டினாலும் கேட்டுக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் எதிரில் உட்கார்ந்து, தன் அரிசி பருப்புச் சோற்றில் முட்டையைப் பிட்டுப் போட்டுக்கொண்டாள். நிதானமாக ஒரு கவளம் தின்றாள்.

"ஆடியில இருந்து தை வரைக்கும் நான் குடிச்சனுங் அண்ணா. நீங்க ஒரு வட்டல் குடியுங்" என்றாள். பிறகு என்னிடம், "தீர்ந்தா இன்னொரு கரண்டி ஊத்துங்" என்றாள்.

குடித்தார். தீர்ந்ததும், கேட்காமலே ஊற்றினேன். அதையும் குடித்தார். கழுத்தில் வியர்வை வழிந்தது. கை கழுவும்போது, "நான் வேணும்னு செய்யலீங் மாப்பிள்ளை" என்றார்.

"தெரியுமுங். கோழிக்கு மட்டும் தெரிஞ்சே செஞ்சீங்" என்றேன். என் வாழ்க்கையில் ஒருவரிடம் நேராகச் சொன்ன பெரிய வார்த்தை அதுதான். அன்றைக்கு எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

போன மாதம் மச்சான் மகளுக்குப் பெரியமனுசி ஆன சீர். அத்தை இல்லாமல் நடக்காது என்று நங்கையா போன் செய்தார். நான் வர முடியாது, நீயும் போகக் கூடாது என்று சொன்னேன். என் மனைவி சேலை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க வர வேண்டாமுங். நான் போயிட்டு வாரேன்."

"எப்படிப் போவ?"

"டவுன் பஸ்ஸுல."

இரண்டு வருடமாக அவள் தனியாகப் பஸ் ஏறியதில்லை. நான் விடியும் முன்பே எழுந்து டப்பா டப்பாவாகச் சோறு கட்டினேன். அந்த வீட்டில் ஒரு பருக்கைகூட அவள் வாயில் படக் கூடாது. அவள் பார்த்துச் சிரித்தாள்.

"ஒரு நாளைக்கு ஆறு டப்பாவா? கல்யாணச் சமையலுக்கா போறேன்?" கடலை உருண்டை டப்பாவை மட்டும் பையில் போட்டுக்கொண்டாள். "நங்கையாகிட்டச் சொல்லிப்போட்டனுங். எனக்குத் தனியா உப்புக் கொறைச்சு ஆக்கோணும், பத்தரைக்கு முட்டை வேணும்னு. மருந்தும் எடுத்துக்கிட்டேன்."

பஸ் நின்றது. படி உயரம். பிடிக்கலாம் என்று நான் கை நீட்டுவதற்குள் கம்பியைப் பற்றி ஏறிவிட்டாள். ஏறிய வேகத்தில், தூங்கிக்கொண்டிருந்த ஓர் ஆளை எழுப்பி நகரச் சொல்லி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அந்தக் கையிலும் காலிலும் இருந்த சதை நான் ஏற்றியது. யாருக்குக் காட்ட ஏற்றினேனோ அவர் வீட்டுக்கே அதைத் தூக்கிக்கொண்டு போகிறாள்.

மிச்ச டப்பாக்களோடு பஸ் ஸ்டாண்டில் நின்றேன். அங்கே பத்தரைக்கு முட்டை வேகும். நங்கையா சீர் வேலையில் இருப்பார். யார் உரித்துக் கொடுப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். மச்சானே உரிக்கட்டும். ஆற விடாமல், விரல் சுடச் சுட உரிக்கட்டும்.